ஆளுக்கு ஓர் ஆள்

சின்னமனூரில் எங்கள் தெருமுனையில் மாவு மில் வைத்திருந்த அந்த அம்மாளை ஊரே அத்தாச்சி என்றுதான் கூப்பிடும். யாருக்கு அவர் என்ன முறை என்று யாரும் யோசித்துப் பார்த்ததில்லை. என் அப்பா மட்டும் தங்கச்சி என்பார். புருவம், இமை, காதோர முடி என்று எங்கும் மாவு படிந்திருக்கும். அதற்குள்ளிருந்து இரண்டு கண்கள் மட்டும் கறுப்பாகத் தெரியும். அந்தக் கண்கள் எதையும் நம்பாது.

"மழை வருது அத்தாச்சி" என்று சொல்லிக்கொண்டு மில்லுக்குள் நுழைந்தால், "பார்த்துச் சொல்றியா, நெனச்சுச் சொல்றியா?" என்று கேட்டுவிட்டு, தானே வெளியே வந்து கையை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலை. கல்யாண வீட்டில் யாராவது மாப்பிள்ளை வீட்டார் சாப்பிட்டுவிட்டார்கள் என்று சொன்னால் அவரிடமும் அதே கேள்விதான். முதலில் எரிச்சல் வரும். பிறகு யோசித்தால், நாம் நினைத்துத்தான் சொல்லியிருப்போம்.

அந்த அம்மாள்தான் வருஷா வருஷம் எங்கள் பக்கத்து ஆட்களை பஸ் வைத்து டூர் கூட்டிப்போவார். முதல் போகத்துக்கு அணையில் தண்ணீர் திறப்பதற்கு முன், வயல் சும்மா கிடக்கும் நாட்களில் பஸ் கிளம்பும். பெரும்பாலும் ராமேஸ்வரம். மூன்று பக்கமும் மலையைப் பார்த்தே வளர்ந்த எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கடல் என்றால் ஒரு கிறுக்கு. கடலைப் பார்க்க வேண்டும், காலை நனைக்க வேண்டும், தீர்த்தமாட வேண்டும், தனுஷ்கோடியில் புயல் தின்று போட்ட ஊரைப் பார்க்க வேண்டும். அத்தாச்சிக்கு இது எதுவும் வேண்டாம். போன ஆட்கள் அத்தனை பேரும் திரும்ப வேண்டும், அது ஒன்றுதான். எத்தனையோ தடவை ராமேஸ்வரம் போயும் அவர் சாமியைப் பார்த்ததில்லை. எல்லாரும் உள்ளே போனால் அவர் கோபுர வாசலில் செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்று, வெளியே வருகிற முகங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். டூர் முடியும் வரை ஒழுங்காகச் சாப்பிடவும் மாட்டார். "தொண்டைல எறங்க மாட்டேங்குது" என்று புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுத்துவிடுவார்.

ஆனால் தலையை எண்ண மாட்டார். மற்ற டூர் பஸ்களில் ஒவ்வொரு இடத்திலும் ஒருவர் விரலை நீட்டி எண்ணிக்கொண்டே போவாரே, அது இங்கே கிடையாது. அதற்குக் காரணம் ஒரு கன்னியாகுமரிப் பயணம். அவர் டூர் நடத்த ஆரம்பித்த புதிதில் நடந்தது. அன்றைக்கு எண்ணினார்கள், சரியாக இருந்தது, பஸ்ஸை எடுத்துவிட்டார்கள். நாகர்கோவில் தாண்டித் தேநீருக்கு நிறுத்தியபோது கடைசி சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் எழுந்து, "இது எந்த பஸ்ஸு?" என்று கேட்டார். வேறு ஊர் பஸ்ஸில் வந்தவர் தவறி இதில் ஏறியிருக்கிறார். அதே நேரத்தில் எங்கள் ஊர் ஆள் ஒருத்தர் கடற்கரையில் சங்கு விலை பேசிக்கொண்டு நின்றுவிட்டார். ஒன்று கூடி, ஒன்று குறைந்து, கணக்கு மட்டும் நேராக இருந்தது. "நம்பரு சரியா இருந்துச்சு, ஆளுதான் தப்பு" என்று அத்தாச்சி அதைச் சொல்லும்போதெல்லாம் நாங்கள் சிரிப்போம். அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

அதன் பிறகு ஜோடி போட்டுப் பார்த்தார். பழனியில் இரண்டு பேர் ஜோடியாகவே தொலைந்தார்கள். இரண்டு பேரையும் தேட ஆளில்லை. அப்புறம்தான் அவருடைய அந்த முறை வந்தது. ஆளுக்கு ஓர் ஆள். நீ ஒருத்தரைப் பார்த்துக்கொள்ள வேண்டும். உன்னைப் பார்த்துக்கொள்வது இன்னொருத்தர். வளையம் போலச் சுற்றி வரும். ஒவ்வொரு இடத்திலும் வண்டி கிளம்பும் முன் அத்தாச்சி படியில் நின்று, "அவுக அவுக ஆளு இருக்காகளா?" என்று கேட்பார். தலையை ஆட்டினால் போதாது. திரும்பி, அந்த முகத்தைப் பார்த்து, வாயால் சொல்ல வேண்டும்.

சொந்தக்காரர்களை ஒருவருக்கொருவர் போட மாட்டார். சொந்தம் என்றால் அங்கேதான் இருப்பார்கள் என்று மனசு தானாகச் சொல்லிக்கொள்ளுமாம், கண் தேடாதாம். சிநேகிதர்களையும் போட மாட்டார். நான் சேர்ந்து போன அந்த வருஷம்தான் அவருடைய முறையின் கடைசிப் படி எனக்குத் தெரிந்தது. அது சுனாமி வருவதற்கு முந்தைய வருஷம். நான் கம்பத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மாவுக்கு பஸ்ஸில் குமட்டும் என்பதால் அப்பாவுக்குத் துணையாக நான் போனேன். இறந்துபோன பெரியப்பாவுக்குத் திதி கொடுக்க வேண்டும் என்றார் அப்பா. உண்மையில் அவருக்கு தனுஷ்கோடி ரயில்வே ஸ்டேஷனைப் பார்க்க வேண்டும். புயலில் ரயில் கடலுக்குள் போன செய்தியைச் சின்ன வயதில் ரேடியோவில் கேட்டதிலிருந்து அந்த ஆசை.

பஸ் ஏறும்போது அத்தாச்சி என் காதில், "ஒன் ஆளு அவரு" என்று ஜன்னலோரம் குடையுடன் உட்கார்ந்திருந்தவரைக் காட்டினார். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

அவர் மேல்மடைக்காரர். எங்கள் வீட்டில் அவர் பெயரைச் சொல்வதில்லை. எங்கள் வயலுக்கு மேலே அவர் வயல். ஒரு கோடையில் அவர் மடையை அடைத்துக்கொள்ள, எங்கள் நாற்று மொத்தமும் கருகியது. அப்பா போய்க் கேட்டார், சொல்லக் கூடாத ஒரு வார்த்தையையும் சொல்லிவிட்டார். அன்றோடு பேச்சு நின்றது. அப்போதே பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. தவிர்க்க முடியாமல் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் நடுவில் நிற்கும் மூன்றாவது ஆளிடம் சொல்வார்கள்.

"எனக்கு ஏன் அவரைப் போட்டீக?"

"ஒனக்கு அவரைப் பிடிக்காதுல்ல தாயி. பிடிக்காதவுக எங்கன இருக்காகன்னு நமக்கு எப்பவும் தெரியும். பிடிச்சவுகளைத்தான் மறந்துட்டு நிப்போம்."

"அவரோட ஆளு யாரு?"

அத்தாச்சி என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "உங்கப்பாதான். ஊர்லயே உங்கப்பாவை விடாம பார்க்குற ஒரே ஆளு அவருதான்."

மில் வரிசையில் யார் யாருக்குப் பின்னால் நிற்க மாட்டார்கள் என்பது அவருக்கு அத்துப்படி. ஊரின் சண்டைகள் அனைத்தும் அவருக்கு அரிசி, கேழ்வரகு மாதிரித் தெரிந்தவை. அவற்றையெல்லாம் எடுத்து இந்த வளையத்தைக் கோத்திருக்கிறார். கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் எங்கள் வீட்டுக் காயத்தை ஒருத்தி எடுத்து வேலைக்குப் பயன்படுத்துகிறாள் என்று அன்றைக்குக் கோபம்தான் வந்தது.

விடிந்து கொஞ்ச நேரத்தில் பாம்பன் பாலத்தின் நடுவில் பஸ் நின்றது. எல்லாரும் இறங்கினோம். பச்சையும் நீலமுமாக இரண்டு பக்கமும் கடல், கீழே படகுகள், பக்கத்தில் ரயில் பாலம். காற்று சேலையைப் பிடுங்கிக்கொண்டு போனது. அப்பா குழந்தை மாதிரி கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தார். அவருக்குக் கொஞ்சம் தள்ளி மேல்மடைக்காரர் குடையை இடுக்கிக்கொண்டு நின்றார். அவர் கடலைப் பார்த்தாரா அப்பாவைப் பார்த்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. அத்தாச்சி மட்டும் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பஸ்ஸின் படியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, எங்கள் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"திரும்பிப் பாருங்க அத்தாச்சி, எம்புட்டு அழகா இருக்கு."

"நீ பாரு தாயி. நான் இங்கன பார்த்துக்கிறேன்."

காலையில் திதி, தீர்த்தக் கிணறுகள், ஈரத் துணியோடு கோயில் பிராகாரம், அப்புறம் ராமர் பாதம். அங்கே மேலிருந்து பார்த்தால் தீவு முழுக்கத் தென்னையும் மணலுமாகத் தெரிந்தது. ஒவ்வொரு இடத்திலும் கேள்வி வந்தது, பதிலும் வந்தது. மேல்மடைக்காரர் தன் முறை வரும்போது அப்பா பக்கம் மோவாயைத் தூக்கிக் காட்டி, "இருக்காரு" என்று தரையைப் பார்த்துச் சொல்வார். அப்பா அதைக் காதில் வாங்காத மாதிரி ஜன்னலுக்கு வெளியே பார்ப்பார். மதியச் சாப்பாட்டுப் பொட்டலத்தையும் அப்பா பிரிக்கவில்லை, திதி கொடுத்த வயிறு பசிக்கவில்லை என்றார்.

தனுஷ்கோடிக்கு அப்போது சாலை கிடையாது. பஸ் ஓரிடத்தில் நின்றுவிடும். அதற்குமேல் மணலிலும் தண்ணீரிலும் ஓடுவதற்கென்றே வைத்திருக்கும் பழைய வேன்களில் போக வேண்டும். நாங்கள் இரண்டு வேன்களில் போனோம். அப்பா முதல் வேனில், நான் இரண்டாவதில். போகும்போது மணல் வெளியில் கணுக்கால் அளவு தண்ணீர்தான் கிடந்தது. இடிந்த சர்ச்சின் சுவர், ஸ்டேஷனின் மிச்சம், மீன் வலை காயும் குடிசைகள் எல்லாம் பார்த்தோம். தெற்கே கடல் ஓயாமல் இரைந்துகொண்டிருந்தது. வெயில் இறங்க ஆரம்பித்ததும் காற்று திரும்பியது. வேன்காரர் வந்து, "ஏறுங்க, தண்ணி ஏறுது" என்றார்.

முதல் வேன் நிறைந்து போய்விட்டது. கடைசி வண்டியில்தான் அத்தாச்சி ஏறுவார். படியில் நின்று கேட்டுக்கொண்டே வந்தவர் என்னிடம் வந்தார். நான் திரும்பிப் பார்த்தேன். குடையைக் காணோம்.

"என் ஆளைக் காணோம் அத்தாச்சி."

"முதல் வண்டில ஏறிட்டாரா?"

"இல்ல. ஏறும்போது பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். ஏறலை."

அத்தாச்சி முதல் வண்டி போன பக்கம் பார்த்தார். "உங்கப்பா?"

"அப்பா முதல் வண்டில போய்ட்டாக."

"பார்த்துச் சொல்றியா, நெனச்சுச் சொல்றியா?"

நான் மேல்மடைக்காரரைத் தேடிக்கொண்டிருந்தேன். அப்பா வந்த வண்டியிலேயே திரும்பியிருப்பார் என்று எனக்குள் நானே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

வேன்காரர் ஹார்னை அழுத்தினார். "அக்கா, இன்னும் கொஞ்ச நேரம் போனா வண்டி சிக்கிக்கிரும். நான் இவுகளை விட்டுட்டு வந்து பார்க்கிறேன்." திரும்பி வருவேன் என்று அவர் சொன்ன குரலில் எனக்கு நம்பிக்கை வரவில்லை. அத்தாச்சிக்கும் வரவில்லை. அவர் உள்ளே தலையை நீட்டி, "எல்லாரும் எறங்குங்க" என்றார். யாருக்கும் புரியவில்லை. "எறங்குங்கன்னு சொல்றேன்ல. வண்டி போறதுன்னா காலியாப் போகட்டும்."

முனகிக்கொண்டே எல்லாரும் மணலில் இறங்கி நின்றார்கள். வேன்காரர் தலையில் அடித்துக்கொண்டு இன்ஜினை நிறுத்தினார். இத்தனை பேரை மணலில் விட்டுவிட்டுப் போக அவருக்கும் மனசு வராது என்பதை அத்தாச்சி கணித்திருந்தார். ஆனால் அந்த இத்தனை பேரின் உயிரையும் இரண்டு பேருக்காகப் பணயம் வைக்கிறார் என்று எனக்குள் ஓடியது. அதில் ஒருத்தர் என் அப்பா என்பதால் நான் வாயைத் திறக்கவில்லை.

நானும் அத்தாச்சியும் ஸ்டேஷன் இருந்த பக்கம் ஓடினோம். ஓடினோம் என்று சொல்கிறேன், மணல் விடவில்லை. வழியில் முன்பு காய்ந்து கிடந்த பள்ளங்களில் தண்ணீர் ஓட ஆரம்பித்திருந்தது. மலைத்தண்ணீரைப் பார்த்துப் பழகிய எனக்கு அதுதான் பெரிய பயமாக இருந்தது. ஆற்றில் தண்ணீர் ஒரு பக்கமிருந்து வரும், இது எல்லாப் பக்கமிருந்தும் வந்தது. அத்தாச்சி சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு, கண்ணை ஒரு தடவை இறுக மூடித் திறந்து, இறங்கினார்.

அப்பாவைக் கூப்பிட்டேன். காற்று குரலை வாயிலேயே திருப்பித் தள்ளியது.

ஸ்டேஷனைத் தாண்டி, தனியாக நின்ற ஓர் இடிந்த சுவருக்குப் பின்னால் முதலில் தெரிந்தது குடை. மேல்மடைக்காரர் கணுக்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். அவருக்கு நாலைந்து அடி தள்ளி, சுவரில் சாய்ந்து என் அப்பா உட்கார்ந்திருந்தார். இடுப்பு வரை வேட்டி நனைந்திருந்தது. முகத்தில் வேர்வை முத்து முத்தாக நின்றது.

"என்னண்ணே, இங்கன நிக்கிறீக?" என்று அத்தாச்சி கத்தினார்.

மேல்மடைக்காரர் திரும்பினார். "என் ஆளு இங்கனதான் இருக்காரு. நீங்கதான சொன்னீக, கண்ணை எடுக்கக் கூடாதுன்னு. நான் எடுக்கலை."

"வண்டி கெளம்புற நேரம் ஆச்சுன்னு தெரியாதா?"

"தெரியும்."

"கூப்பிட வேண்டியதுதான?"

அவர் குடையின் பிடியைத் திருகினார். "நானா மொதல்ல கூப்பிடணும்?"

அத்தாச்சி அப்பாவிடம் திரும்பினார். "நீங்க ஏண்ணே எந்திரிக்கலை?"

"முடியல தங்கச்சி. தலை சுத்தி உக்காந்தேன். காலு நிக்க மாட்டேங்குது."

"இவருகிட்டச் சொல்லலையா?"

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். அவர் சொல்லவில்லை. பக்கத்தில் ஓர் ஆள் நிற்பதை நன்றாகத் தெரிந்துகொண்டு, தண்ணீர் இடுப்புக்கு வரும் வரை வாயை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார். நிற்பவரோ, இவர் வீம்புக்கு உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு, தானும் வீம்பாக நின்றிருக்கிறார். எனக்கு அழுகை வந்தது. இரண்டு பேரையும் அறையலாம் போலவும் இருந்தது.

மேல்மடைக்காரரின் முகம் மாறியதை நான் பார்த்தேன். "முடியலையா?" என்று அத்தாச்சியிடம்தான் கேட்டார். "முடியலைன்னு எனக்குத் தெரியாது."

"பேச வேணாம்ணே" என்றார் அத்தாச்சி. "தூக்குறதுக்கு வாய் எதுக்கு?"

மேல்மடைக்காரர் குடையை என் கையில் கொடுத்தார். குனிந்து அப்பாவை முதுகில் ஏற்றிக்கொண்டார். வரும்போது பள்ளத்தில் தண்ணீர் தொடைவரை ஏறியிருந்தது. கால் வைக்கும் இடமெல்லாம் மணல் கரைந்தது. அப்போதும் அவர்கள் பேசிக்கொள்ளவில்லை. அப்பாவின் வாய் அவருடைய காதுக்குப் பக்கத்தில் இருந்தது. ஆனாலும் மேல்மடைக்காரர், "கழுத்தைப் பிடிச்சுக்கிறச் சொல்லுங்க" என்று அத்தாச்சியிடம் சொன்னார். "பிடிச்சுக்கிங்கண்ணே" என்றார் அத்தாச்சி. "பிடிச்சுருக்கேன்னு சொல்லு தங்கச்சி" என்றார் அப்பா. "பிடிச்சுருக்காகளாம்" என்றார் அத்தாச்சி. ஒரு தடவை மேல்மடைக்காரர் தடுமாறியபோது, "பார்த்துப் போகச் சொல்லு" என்று அப்பா சொன்னார். அத்தாச்சி அதையும் எடுத்துச் சொன்னார். அந்தப் பயத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. அத்தாச்சியைப் பார்த்தேன், அவர் கன்னத்தில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

வேன் ஒருவழியாகக் கிளம்பியது. உள்ளே தரையில் தண்ணீர் ஏறி எங்கள் செருப்புகள் மிதந்தன. யாரோ கொடுத்த கற்கண்டை அப்பாவின் வாயில் போட்டோம். பஸ்ஸுக்கு வந்து சேர்ந்தபோது அவர் கண்ணைத் திறந்து, ஸ்டேஷன் நன்றாக இருந்தது என்றார்.

அதன் பிறகு இரண்டு வீடும் ஒன்றாகிவிட்டது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஊர் வந்து இறங்கியதும் அவர் ஒரு பக்கமும் நாங்கள் ஒரு பக்கமுமாகத்தான் போனோம். பேச்சு இன்றுவரை இல்லை. அப்பா அவரைப் பற்றிக் குறை பேசுவதை மட்டும் விட்டுவிட்டார்.

அடுத்த வருஷம் டூர் போடவில்லை. தண்ணீர் சீக்கிரம் திறந்துவிட்டார்கள், அதனால்தான் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அதற்கு அடுத்த வருஷமும் போடவில்லை. அத்தாச்சிக்கு ஊரில் பெயர் கூடியிருந்தது. கடலுக்குள் போய் ஆளைக் கொண்டுவந்தவர் என்று சின்னமனூர் தாண்டியும் பேசினார்கள். யாராவது அதைச் சொன்னால் அவர் பட்டென்று மில்லைப் போட்டுவிடுவார். அந்தச் சத்தத்தில் எதுவும் கேட்காது.

எங்கள் கொடியில் அந்த வருஷம் திராட்சை நன்றாகக் காய்த்திருந்தது. ஒரு கூடை கொண்டுபோனேன். மில்லில் வேறு யாரும் இல்லை. "எதுக்கு?" என்றார்.

"சும்மாதான். அப்பா குடுத்து விட்டாக. நீங்க இல்லைன்னா அன்னைக்கு அவுக இல்ல."

அத்தாச்சி கூடையைத் தொடவில்லை. மாவு படிந்த கைகளை முன்னால் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். அதற்கு முன் அவர் யாரிடமும் குரலைத் தாழ்த்திப் பேசி நான் கேட்டதில்லை.

"அவுக ரெண்டு பேரையும் அங்கன சேத்து வச்சது நான்தான தாயி. தண்ணி இன்னும் ஒரு சாண் ஏறியிருந்தா, உங்கம்மாகிட்ட வந்து நான் என்ன சொல்லியிருப்பேன்? ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துலதான் இருந்தாகன்னா?"